கார்டு நன்றாகத்தான் வருகிறது, சிப்ஸ் மட்டும் ஏன் போகிறது? ஹோல்டெம் புதியவர்களுக்கு அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஹோல்டெம், அதாவது ஆளுக்கு இரண்டு கார்டு கையிலும் ஐந்து பொதுக் கார்டு மேசையிலும் வைத்து ஆடும் போக்கர், புதிதாக ஆடுகிறவர்கள் சொல்லும் புகார் எல்லாம் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். ரிவரில் (ஐந்தாவது பொதுக் கார்டில்) அவனுக்கு வந்துவிட்டது, டர்னில் (நாலாவதில்) ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) விழுந்துவிட்டது, இப்படி. சரி, அந்தக் கையில் நீங்கள் எந்த இருக்கையில் இருந்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது, கார்டு மட்டும் அச்சுப் போல ஞாபகம் இருக்கும். கோளாறு அங்கேதான். வேறு வேறு சின்னத்தில் இருக்கும் கிங்-ஜாக் முதல் இருக்கையில் குப்பை, அதே கை பட்டனில் (கார்டு குலுக்குபவரின் இருக்கையில்) நல்ல கை, இதை ஒத்துக்கொள்ள எல்லாருக்கும் கொஞ்ச காலம் ஆகிறது. எங்கள் வட்டத்துப் புதியவர்களின் கைகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. உங்களுக்கு எந்த அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், சரிசெய்ய அதிகம் வலிக்கிற காரணம் கடைசியில்.

## முதலில் மேசையைப் பற்றி

இங்கே பேசுவது 6 பேர் உட்காரும் நோ-லிமிட் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத) மேசை, ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் அளவு சிப்ஸ். பட்டனுக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் கார்டு பார்க்காமலே போடும் கட்டாயத் தொகைதான் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட்; சின்னது பெரியதில் பாதி. ஃபிளாப்புக்கு (முதல் மூன்று பொதுக் கார்டுக்கு) முன்னால் முதலில் பேச வேண்டியவர் (தன் முடிவைச் சொல்ல வேண்டியவர்) பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவர். அவருடையதை முதல் இருக்கை என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஹைஜாக், கட்-ஆஃப், பட்டன், ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். ஃபிளாப் விழுந்த பிறகு வரிசை மாறிவிடும், ஸ்மால் பிளைண்ட் முதலில் பேச வேண்டும், பட்டன் கடைசியில். 9 பேர் மேசை என்றால் ஹைஜாக்குக்கு முன்னால் இருக்கும் எல்லா இருக்கைக்கும் நான் சொல்லப்போகும் முதல் இருக்கைப் பட்டியல்தான்.

வீட்டு மேசையில் பல பேர் பட்டன் வட்டே இல்லாமல் ஆடுகிறார்கள், யார் குலுக்கினாரோ அவர்தான் பட்டன் என்று வாய்க்கணக்கு. ஒரு சோடா மூடியாவது வையுங்கள். பட்டன் எங்கே என்று தெரியாமல் இருக்கை பார்த்து ஆட முடியாது.

பணம் பற்றி ஒரு வரி. ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, தமிழ்நாட்டில் 2022-லேயே அவசரச் சட்டம் வந்து 2023-ல் தனிச் சட்டமானது. ஆகவே இங்கே சிப்ஸ் என்று எழுதியிருப்பதெல்லாம் காசில்லாத சிப்ஸ்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பெரிய பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) எதுவும் தோற்கவில்லை, ஆனாலும் சிப்ஸ் கரைந்துகொண்டே இருக்கிறது

மிகப் பொதுவான கோளாறு இதுதான். வரிசையாகப் பாருங்கள்.

கை அதிகமாக ஆடுகிறீர்களா? ஒரு நோட்டு எடுத்து 100 கைக்குக் குறியுங்கள். பிளைண்ட் தவிர, நீங்களாகவே ஃபிளாப்புக்கு முன் சிப்ஸ் போட்ட ஒவ்வொரு கைக்கும் ஒரு கோடு, பக்கத்தில் இருக்கையின் பெயர். 6 பேர் மேசையில் 20 முதல் 25 கோடு என்றால் இந்தக் காரணம் இல்லை, அடுத்ததற்குப் போங்கள். 30-ஐத் தாண்டினால் இதுதான் காரணம். 50-க்கு மேல் வந்தால் மற்ற தலைப்புகளை இப்போதைக்குப் படிக்கவே வேண்டாம், இதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கை சரியில்லை என்றால் முதலிலேயே ஸ்கூட் விட்டால் (ஆட்டத்தை விட்டு விலகினால்) 20 பாயிண்ட், இழுத்துப் பார்த்துவிட்டு நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80. நல்ல ரம்மிக்காரர் முதல் ஸ்கூட் விடக் கூச்சப்படவே மாட்டார். போக்கரில் பிளைண்டில் இல்லாதபோது முதல் ஸ்கூட்டுக்கு விலை பூஜ்யம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்கூட்டை விட்டுவிட்டு 40-க்கும் 80-க்கும் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, அதுவும் ரம்மியில் கறாராக இருக்கிற அதே ஆட்கள்.

லிம்ப் அடிக்கிறீர்களா? அதாவது யாரும் ரெய்ஸ் செய்யாதபோது (தொகையை ஏற்றாதபோது) பிக் பிளைண்ட் அளவு மட்டும் போட்டு உள்ளே போவது. "சும்மா ஃபிளாப் பார்க்கலாம்" என்பார்கள். பின்னால் ஒருவர் ரெய்ஸ் செய்வார், போட்டதை விட்டுவிட்டு ஃபோல்ட், அதாவது கையை மடக்குவது. அல்லது நாலு பேர் சேர்ந்து வருவார்கள், யாரிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நோட்டில் லிம்புக்கு 'லி' என்று போட்டுப் பாருங்கள், எத்தனை முறை அந்தக் கை கடைசியில் உங்களுக்கு வந்தது என்றும் எழுதுங்கள். திருத்தம் ஒரே வரி: உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வரவில்லை என்றால் ரெய்ஸ் அல்லது ஃபோல்ட், மூன்றாவது வழி கிடையாது. ரெய்ஸ் 2.5 முதல் 3 பிக் பிளைண்ட். முன்னால் யாராவது லிம்ப் அடித்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 1 பிக் பிளைண்ட் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்மால் பிளைண்டில் "பாதிதானே" என்று போடுகிறீர்களா? பாதி விலைதான், ஆனால் மேசையிலேயே மோசமான இருக்கை அது, ஃபிளாப்புக்கு அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். தள்ளுபடியில் வாங்கினாலும் தேவையில்லாத சாமான் தேவையில்லாததுதான். எல்லாரும் ஃபோல்ட் செய்து உங்களிடம் வந்தால் கீழே இருக்கும் கட்-ஆஃப் பட்டியலை வைத்து ரெய்ஸ், இல்லையென்றால் ஃபோல்ட்.

இப்போது பட்டியல். உங்களுக்கு முன்னால் யாரும் உள்ளே வராதபோது மட்டும்தான் இது. இரண்டு கார்டும் ஒரே சூட் (சின்னம்) என்றால் சூட்டட் என்று எழுதியிருக்கிறேன்.

முதல் இருக்கை: 7-7 முதல் ஏஸ்-ஏஸ் வரை எல்லா ஜோடியும். ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின் எந்த சூட்டானாலும். ஏஸ்-10, கிங்-ஜாக், கிங்-10, குயின்-ஜாக், ஜாக்-10 சூட்டட் என்றால் மட்டும். ஒரு கட்டில் மொத்தம் 1326 இரண்டு-கார்டு சேர்க்கை இருக்கிறது, அதில் இது 132. பத்துக்கு ஒரு கை.

ஹைஜாக்: மேலே உள்ளதோடு 5-5, 6-6, எந்த சூட்டட் ஏஸும், ஏஸ்-10-உம் கிங்-ஜாக்கும் எந்த சூட்டானாலும், அப்புறம் கிங்-9, குயின்-10, 10-9 சூட்டட். இப்போது 16 சதவீதம்.

கட்-ஆஃப்: மிச்ச ஜோடி எல்லாம் சேரும். ஏஸ்-9, ஏஸ்-8, கிங்-10, குயின்-ஜாக், ஜாக்-10 எந்த சூட்டானாலும். குயின்-9, ஜாக்-9, 9-8, 8-7, 7-6 சூட்டட். இது 23 சதவீதம்.

பட்டன்: மேலே உள்ள எல்லாவற்றோடும் எந்த ஏஸும், எந்த சூட்டட் கிங்கும், 9-ம் அதற்கு மேலும் உள்ள எந்த இரண்டு கார்டும். சூட்டட்டில் குயின் 5 வரை, ஜாக்கும் பத்தும் 7 வரை, பிறகு 9-7, 8-6, 7-5, 6-5, 5-4. சுமார் 39 சதவீதம். முதல் இருக்கையைப் போல நாலு மடங்கு.

இதைவிடத் தளர்வாக ஆடும் நல்ல ஆட்டக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், கணினியில் ஓட்டி எடுத்த பட்டியல்களும் முதல் இருக்கையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அனுமதிக்கும். புதியவர்களுக்கு நான் வேண்டுமென்றே இறுக்கிப் பிடித்திருக்கிறேன், ஏனென்றால் விளிம்பில் இருக்கும் கைகளை லாபமாக்க ஃபிளாப்புக்குப் பிறகான ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

## அறிகுறி: டாப் பேர் (மேசையில் விழுந்த பெரிய கார்டோடு ஜோடி) கிடைத்தும் பெரிய பாட்டைத் தோற்கிறேன்

ஏஸ் விழுந்தது, என்னிடமும் ஏஸ் இருந்தது, மூன்று சுற்றும் பந்தயத்துக்கு ஈடுகொடுத்தேன், அவனிடம் ஏஸ்-கிங். இந்தக் கதையைக் கேட்காத வாரமே இல்லை.

முதலில் உங்கள் இன்னொரு கார்டைப் பாருங்கள், அதாவது கிக்கரை. ஏஸ்-9 ஏஸ்-கிங்கோடு மோதினால் ஏறக்குறைய நாலில் ஒரு தடவைதான் ஜெயிக்கும். இன்னும் மோசம் என்னவென்றால், ஏஸ் விழாதபோது யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, பாட் சின்னது. ஏஸ் விழுந்தால்தான் பாட் பெருகும், அப்போதுதான் நீங்கள் பின்னால் இருப்பீர்கள்.

கிக்கர் சரியாக இருந்தும் தோற்கிறீர்கள் என்றால், ரெய்ஸ் செய்தவர் எந்த இருக்கை என்று பார்த்தீர்களா? மேலே இருக்கும் முதல் இருக்கைப் பட்டியலை எடுத்து அதில் ஏஸ் உள்ள கைகளை எண்ணுங்கள்: கிங், குயின், ஜாக், சூட்டட் 10. இவற்றில் ஒவ்வொன்றும் உங்கள் ஏஸ்-9-ஐ மிதிக்கும். அதே ஆள் பட்டனில் இருந்து ரெய்ஸ் செய்தால் அவரிடம் ஏஸ்-4-ம் இருக்கலாம், குயின்-9-ம் இருக்கலாம், உங்கள் ஏஸ்-9 தலைநிமிர்ந்து நிற்கும். கார்டு மாறவில்லை, எதிராளியின் இருக்கைதான் மாறியது. ஆகவே ரெய்ஸுக்கு கால் போடுமுன் (அதே தொகையைக் கட்டுமுன்) ஒரே ஒரு கேள்வி: இந்த இருக்கையில் இருந்து இந்த ஆள் எதையெல்லாம் வைத்து ரெய்ஸ் செய்வார், அதில் என்னால் அடிக்கக்கூடியது எத்தனை?

விரல் விட்டு எண்ண வராதவர்களுக்கு ஒரு முரட்டு விதி. முதல் இருக்கை ரெய்ஸுக்கு எதிராக குயின்-குயின், கிங்-கிங், ஏஸ்-ஏஸ், ஏஸ்-கிங் இருந்தால் மறு-ரெய்ஸ். அவருக்குப் பின்னால் பேசும் இருக்கையில் இருந்தால் அவர் போட்டதைப் போல மூன்று மடங்கு, பிளைண்டில் இருந்தால் நாலு மடங்கு. 7-7 முதல் ஜாக்-ஜாக் வரை, ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின் சூட்டட் என்றால் கால். மிச்சம் ஃபோல்ட். சூட்டட் இல்லாத ஏஸ்-குயினைக்கூட இங்கே மடக்கலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள், செய்தால் செய்யட்டும். கட்-ஆஃப் அல்லது பட்டன் ரெய்ஸ் என்றால் இதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம் விலை அதிகமானது: ஒற்றை ஜோடியை மடக்க மனசு வராதது. முதல் இரண்டும் சரியாக இருந்தும் மூன்று சுற்றும் பெரிய பந்தயத்துக்கு ஈடுகொடுத்து ஒரே ஜோடியோடு தோற்பது தொடர்ந்தால் அது கார்டுத் தேர்வுக் கோளாறு கிடையாது. இந்தப் பட்டியல்கள் அங்கே உதவாது. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரிடம் அந்தக் கைகளைக் காட்ட வேண்டிய இடம் இது.

## அறிகுறி: ஏஸ்-ஏஸ் வந்தாலே உடைகிறது

எத்தனை பேர் ஃபிளாப் பார்த்தார்கள்? பதில் மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஏதோ ஒரு கையோடு வரும் ஒருவருக்கு எதிராக ஏஸ்-ஏஸ் 85 சதவீதம் ஜெயிக்கும். அதே மாதிரி நாலு பேரை உள்ளே விட்டால் 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். இன்னமும் அதுதான் மேசையில் சிறந்த கை, ஆனால் ஏறக்குறைய பாதித் தடவை தோற்கும், தோற்றதெல்லாம் ஞாபகத்தில் நிற்கும்.

ஏன் அத்தனை பேர் வந்தார்கள்? பதுங்கிப் பிடிக்கலாம் என்று லிம்ப் அடித்திருப்பீர்கள். அதை நிறுத்துங்கள், மற்ற நல்ல கைகளுக்கு எவ்வளவு ரெய்ஸ் செய்வீர்களோ அதே அளவு செய்யுங்கள். அதைச் செய்தும் கூட்டம் வருகிறதென்றால் மேசைதான் காரணம். காசில்லாத சிப்ஸ் மேசையில் 3 பிக் பிளைண்ட் ரெய்ஸுக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், எல்லாரும் கால். அங்கே 5, 6 என்று ஏற்றுங்கள், ஒருவரோ இருவரோ மட்டும் வரும் அளவு எதுவோ அதுதான் அந்த மேசையின் சரியான ரெய்ஸ். எண்ணை நான் சொல்ல முடியாது, மேசைதான் சொல்லும்.

ஒரே ஒருவர்தான் வந்தார், அவரிடம் கிங்-கிங், ரிவரில் மூன்றாவது கிங் விழுந்தது என்றால்? பழுது எதுவுமில்லை. ஏஸ்-ஏஸ் கிங்-கிங்கை 82 சதவீதம் அடிக்கும், மிச்ச 18 யாருக்காவது நடக்கத்தான் வேண்டும். அதே போல உங்களிடம் கிங்-கிங் இருக்கும்போது ஃபிளாப்பில் ஒரு ஏஸாவது வருவது 22, 23 சதவீதம் நடக்கும். "எனக்கு மட்டும் எப்பவும் ஏஸ் விழுது" என்பது எல்லாருக்கும் விழுவதுதான்.

## அறிகுறி: ஃபிளாப் வந்ததும் என்ன செய்வதென்றே தெரியவில்லை

கடைசியாக இப்படிக் குழம்பிய பத்துக் கைகளின் இருக்கையை மட்டும் எழுதுங்கள். கார்டு வேண்டாம்.

பெரும்பாலும் பிளைண்ட் இருக்கைகள் என்றால்: நீங்கள் இருட்டில் முதலில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஜோடி இல்லாத இரண்டு கார்டுக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது ஏறக்குறைய மூன்றில் ஒரு முறைதான். எதிராளிக்கும் அதே கணக்கு. ஆக, பல தடவை இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை, கடைசியில் பேசுகிறவர் மற்றவர் தயங்குவதைப் பார்த்துவிட்டுப் பாட்டை எடுத்துக்கொண்டு போகிறார். நீங்கள் அந்த மற்றவர். திருத்தம் ஃபிளாப்பில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது: பிளைண்டில் கால் போடும் கைகளைக் குறையுங்கள்.

முதல் இருக்கையும் ஹைஜாக்கும் அதிகம் என்றால்: பட்டியலைத் தாண்டி ஆடுகிறீர்கள், மேலே போய் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொருவரும் கால் போட்டால் உங்களுக்கு அப்புறம்தான் பேசுவார்கள், பிளைண்ட் இருவரைத் தவிர.

பட்டனிலும் இதே குழப்பம் என்றால்: இருக்கை உங்களுக்குச் சாதகமாக இருந்தும் வழி தெரியவில்லை, ஆகவே இது ஃபிளாப்புக்குப் பிந்தைய ஆட்டத்தின் பிரச்சினை. இந்தக் கட்டுரை அங்கே நின்றுவிடுகிறது. தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வீட்டு மேசைக்கு மட்டும் ஒரு விஷயம். முறை வருவதற்கு முன்பே கார்டைத் தூக்கி எறிகிறவர்கள் எப்போதும் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்கள் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் உங்களுக்குப் பின்னால் எத்தனை பேர் மிச்சம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், கட்-ஆஃப் இருக்கை இலவசமாகப் பட்டனாகிவிடும். அவர்களைத் திருத்த வேண்டிய வேலை உங்களுடையது அல்ல, ஆனால் நீங்கள் மட்டும் முறைக்கு முன்பே கார்டை எறியாதீர்கள்.

## அறிகுறி: பிக் பிளைண்டில் மட்டும் எல்லாம் போகிறது

கொஞ்சம் போகத்தான் செய்யும். கார்டைப் பார்க்காமலே ஒரு பிக் பிளைண்ட் கட்டும் இருக்கை, நல்ல ஆட்டக்காரர்களுக்கும் அங்கே கணக்கு நஷ்டம்தான். எல்லாக் கையையும் மடக்கினால் ஒவ்வொரு முறையும் சரியாக 1 போகும். அதைவிடக் குறைவாகத் தோற்றால் வெற்றி.

அதைவிட அதிகமாகத் தோற்கிறீர்கள் என்றால், "என் சிப்ஸ் உள்ளே கிடக்கிறது" என்று நினைத்துக் கால் போடுகிறீர்களா என்று பாருங்கள். போட்ட பிறகு அது உங்களுடையது இல்லை. பார்க்க வேண்டியது விலையை. பட்டன் 2 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட் என்றால் நீங்கள் 1 போட்டு 3.5 உள்ள பாட்டுக்குப் போட்டியிடுகிறீர்கள். 22 சதவீதம் ஜெயித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதே ரெய்ஸ் 3 என்றால் 2 போட்டு 4.5-க்கு, தேவை 31 சதவீதம். ஒரே ஒரு பிக் பிளைண்ட் கூடினால்கூடக் கணக்கு எவ்வளவு மாறுகிறது பாருங்கள், ஆனால் புதியவர்கள் ரெய்ஸ் அளவைப் பார்க்காமலே கால் போடுகிறார்கள்.

22 சதவீதம் என்றால் எந்தக் குப்பைக்கும் இருக்குமே என்று கேட்பீர்கள். காகிதத்தில் இருக்கும். முதலில் பேசும் இருக்கையில் அந்தப் பங்கை முழுசாக வசூலிக்க முடியாது, பாதி வழியில் பந்தயம் வந்து மடக்க வேண்டியிருக்கும். ஆகவே சின்ன ரெய்ஸுக்கு, அதுவும் பட்டனோ கட்-ஆஃபோ செய்தால், சூட்டட் கைகளும் பக்கத்துப் பக்கத்து எண்களும் ஜோடிகளும் போகலாம். கிங்-2, குயின்-3 மாதிரி, சூட்டும் இல்லாமல் தொடர்பும் இல்லாமல் வருவதை விட்டுவிடுங்கள். முதல் இருக்கை 3-க்கு ரெய்ஸ் என்றால் முன்னால் சொன்ன முரட்டு விதியே இங்கேயும்.

## அறிகுறி: சின்ன ஜோடியும் சூட்டட் கையும் "வந்தால் பெருசா வரும்" என்று ஆடுகிறேன், வருவதே இல்லை

வருகிறது, நீங்கள் நினைப்பதைவிட அபூர்வமாக. கையில் ஜோடி இருந்து ஃபிளாப்பில் மூன்றாவது கார்டு விழுவது 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, எட்டரை தடவைக்கு ஒன்று. சூட்டட் கைக்கு ஃபிளாப்பிலேயே ஃப்ளஷ் அமைவது 1 சதவீதத்துக்கும் கீழே. ஒரு கார்டு குறைவாக நிற்பது 11 சதவீதம்.

சோதனை இரண்டு. ஒன்று, ஸ்டாக், அதாவது முன்னால் மிச்சம் இருக்கும் சிப்ஸ். கால் போட வேண்டிய தொகையைப் போலக் குறைந்தது 15 மடங்காவது உங்களிடமும் எதிராளியிடமும் மிச்சம் இருக்கிறதா? இரண்டில் குறைந்த ஸ்டாக்கைத்தான் எண்ண வேண்டும். எதிராளியிடம் 20 பிக் பிளைண்ட்தான் இருக்கிறது, 3 போட்டு 4-4-ஐ வைத்துச் செட் (மூன்றாவது 4) தேடுகிறீர்கள் என்றால், கிடைத்தாலும் போட்ட விலைக்குத் திரும்பி வராது. இரண்டு, சூட்டட் என்ற ஒரே காரணத்துக்காக ஆடுகிறீர்களா? ஒரே சூட்டாக இருப்பது கைக்கு 2, 3 சதவீதம்தான் கூட்டுகிறது. ஜாக்-3 சூட்டட் என்பது ஜாக்-3 தான். ஃப்ளஷ் அமைந்தாலும் அதைவிடப் பெரிய ஃப்ளஷ் எதிரே இருக்கலாம்.

எல்லாரும் கால் போடும் மேசையில் மட்டும் இது கொஞ்சம் திரும்பும். அங்கே சூட்டட் ஏஸும் சின்ன ஜோடியும் மதிப்பு கூடும், சூட்டட் இல்லாத கிங்-ஜாக் மாதிரி ஒற்றை ஜோடி செய்யும் கைகள் மதிப்பு குறையும்.

## அறிகுறி: பட்டியல்படி காத்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை

நோட்டைத் திறந்து பட்டனில் எத்தனை கோடு, முதல் இருக்கையில் எத்தனை கோடு என்று பாருங்கள். பட்டனில் மூன்று நாலு மடங்கு இருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் எல்லா இருக்கையிலும் ஒரே பட்டியலை ஆடுகிறீர்கள், நல்ல கார்டுக்காக மட்டும் காத்திருக்கிறீர்கள். முதல் இருக்கையில் பின்னால் 5 பேர்; அதில் ஒருவரிடமாவது முதல் தரமான 5 சதவீதக் கை இருக்கும் வாய்ப்பு 23 சதவீதம். பட்டனில் பின்னால் 2 பேர்தான், அந்த வாய்ப்பு 10-க்கும் கீழே. அவர்கள் இருவரும் மடக்கினால் கார்டே காட்டாமல் 1.5 பிக் பிளைண்ட் உங்களுடையது. மடக்காவிட்டாலும் கடைசியில் பேசப்போவது நீங்கள்.

பிளைண்டில் இருப்பவர்கள் எதையுமே மடக்காத ஆட்களா? அப்படியானால் பட்டன் பட்டியலின் அடிப்பகுதியை வெட்டிவிடுங்கள், 7-5-ம் சூட்டட் இல்லாத ஏஸ்-3-ம் போகட்டும், நல்ல கையில் ரெய்ஸை ஏற்றுங்கள்.

இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் ரெய்ஸ் செய்யும்போதெல்லாம் மறு-ரெய்ஸ் செய்கிறாரா? இருக்கை மாற முடிந்தால் மாறுங்கள். ஆவேசமாக ஆடுகிறவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அப்போது அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு நீங்கள் பேசலாம். வீட்டு மேசையில் இதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஃபேன் காற்று வரவில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

## எல்லாம் சரிபார்த்தாயிற்று, இன்னும் தோற்கிறேன்

எத்தனை கை ஆடினீர்கள்? மேசையில் நேரில் ஆடும்போது மணிக்கு 25, 30 கைதான் ஓடும். நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 100, 120. ஏஸ்-ஏஸ் சராசரியாக 221 கைக்கு ஒரு முறை வரும், ஆகவே ஒரு இரவு முழுக்க அது வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 1000 கைக்குள் 300 பிக் பிளைண்ட் மேலேயோ கீழேயோ போவது சாதாரணம். இரண்டு வார இறுதியை வைத்துப் பட்டியலைக் குறை சொல்ல வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

சில ஆயிரம் கைக்குப் பிறகும் அதே நிலைதான் என்றால் அனுபவம் உள்ள ஒருவரிடம் போங்கள். போகும்போது இருக்கை, ஸ்டாக், ஒவ்வொரு சுற்றிலும் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். கடைசியில் யார் ஜெயித்தார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள், முடிவு தெரிந்தால் பார்க்கிறவரின் கண்ணும் அங்கேயே போய்விடும். காசு கொடுத்துப் பயிற்சியாளர் வைப்பதோ கணக்குப் போடும் மென்பொருள் வாங்குவதோ காசில்லாத சிப்ஸ் ஆட்டத்துக்கு வீண் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு வகை நிபுணர் தேவைப்படும் அறிகுறி வேறு: விட்டதைப் பிடிக்க இன்னும் ஆடுவது, கடன் வாங்குவது, வீட்டில் மறைப்பது, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது. இதில் ஒன்று இருந்தாலும் கார்டுப் பட்டியலை மூடிவிட்டு 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். வீட்டில் இருப்பவர்களும் கூப்பிட்டுக் கேட்கலாம்.